எட்டு நாளைக்கு ஒருக்கா

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, நாட்காட்டியில் வியாழக்கிழமையில் இருந்த ஒரு பதிவை வெள்ளிக்கு மாற்றியது. நவம்பர் ஒன்பது, ஞாயிறு, காலை பத்து மணி. மலைமேல் சேத்துக்குழி எஸ்டேட்டில் புதனன்று ஏலச்செடிக்கு மருந்து அடிக்கப்போகிறார்கள், வியாழன் காய் எடுக்க ஆள் வேண்டாம் என்று தகவல் வந்திருந்தது. சிலமலை வீட்டில் கட்டில்மேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். நான் கீழே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

திரையில் இருப்பதைச் சத்தமாகப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானின் குரல் படித்தது: "வியாழன், நவம்பர் பதிமூன்று. சேத்துக்குழி பதினாலு பேர்."

"அப்படியே வெள்ளிக்கு இழுத்துவிட்டாப் போதும்மா. ஒரு நிமிஷச் சோலி" என்றேன்.

"நீ உன் வெங்காயத்தப் பாரு."

வியாழனில் இருந்ததை அழித்தாள். வெள்ளிக்கு வந்து, சேத்துக்குழி பதினாலு பேர் என்று ஒவ்வொரு எழுத்தாகப் புதிதாக அடித்தாள். ஒவ்வொரு எழுத்தையும் குரல் திருப்பிச் சொன்னது. முடித்ததும் என்னைக் கூப்பிட்டாள்.

"வெள்ளிக்கிழமைல வேற எதும் கெடக்கான்னு கண்ணால பாத்துச் சொல்லு."

"‘சும்மா’ன்னு ஒண்ணு இருக்கு."

"அதத் தூக்கிரு."

தூக்கினேன். என் பங்கு அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை காலை ஆள்களை ஜீப்புகளில் ஏற்றி அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தவள், பக்கத்து வீட்டு ராமுத்தாயிடம் தண்ணீர் கேட்டாள். கொண்டுவருவதற்குள் சாய்ந்துவிட்டாள். போடிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கலாம் என்றார்கள். வயது ஐம்பத்தெட்டு. நான் கோயம்புத்தூரில் வேலையில் இருந்தேன்.

அம்மா பெயர் சந்திரவல்லி. பதினேழு வயதில் மலைக்குக் காய் எடுக்கப் போனாள். முப்பதில் கங்காணி ஆனாள். எந்த எஸ்டேட்டுக்கு எந்த நாள் எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டு, சிலமலையிலிருந்து அத்தனை பெண்களைச் சேர்த்து, காலை ஆறு மணி ஜீப்பில் ஏற்றி முந்தல் வழியாக மேலே கூட்டிப்போவது கங்காணி வேலை. என் அப்பா நான் ஏழாவது படிக்கும்போது இறந்தார். என்னைப் பொறியியல் படிக்கவைத்தது இந்த வேலைதான்.

அம்மாவுக்குக் கண்ணில் நீர் அழுத்தம். நாற்பத்தாறு வயதில் இடது கண் போனது, நாற்பத்தொன்பதில் வலது. மலை ஏறுவது நின்றது. ஆனால் நாள் சொல்வதை அவள் விடவில்லை. ஜீப்புக்காரர் ராஜாராமுக்கு இரண்டு வண்டிகள். தினமும் சாயங்காலம் அவரும் முப்பது பெண்களும் போன் போட்டு, "நாளைக்கு எங்க?" என்று கேட்பார்கள். அம்மா சொல்வாள். அவள் சொன்ன இடத்துக்கு வண்டி போகும். ஆறு எஸ்டேட், முப்பது பேர், இரண்டு ஜீப்பு, எல்லாம் தலைக்குள்.

தலைக்குள் வைத்திருந்ததில் ஐம்பத்தைந்து வயதில் பிசகு வரத் தொடங்கியது. ஒருமுறை இரண்டு ஜீப்பையும் ஒரே எஸ்டேட்டுக்கு அனுப்பிவிட்டாள். ராஜாராம் வீட்டுக்கு வந்தார்.

"யக்கா, நாங் கோவமாச் சொல்லல. எங்க கொழுந்தியா காளீஸ்வரி பன்னெண்டாவது படிச்சிருக்கு. நோட்டுப் போட்டு எழுதிக்கிரும். நீங்க சித்த ஓஞ்சு உக்காருங்க."

"ஓஞ்சு உக்காந்து என்ன செய்யச் சொல்றே? செவத்தப் பாக்கவா?" என்றாள் அம்மா. "எனக்கு ஒரு மாசம் டயம் குடு."

அன்றே எனக்குப் போன் செய்தாள். எழுதிவைக்க ஏதாவது செய்து கொடு என்றாள். இந்த வேலை போனால் அவளிடம் பேச ஒரு ஆள்கூட வரமாட்டார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

நான் மென்பொருளில் பிழை தேடும் வேலையில் இருக்கிறேன். அலுவலகத்தில் கழித்துக்கட்டிய மடிக்கணினி ஒன்றை வாங்கி, இலவசமாகக் கிடைக்கும் திரைவாசிப்பான் ஒன்றையும் நாட்காட்டி ஒன்றையும் போட்டு எடுத்துப் போனேன். விசைப்பலகையில் ஆறு விசைகள்மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன். விரல் வைக்கும் இடம் தெரிவதற்காக.

முதல் நாள் மாதக் கட்டத்தைத் திறந்து காட்டினேன். குரல் ஆரம்பித்தது: "வரிசை மூன்று, கட்டம் நான்கு, புதன், பதினேழு. வரிசை மூன்று, கட்டம் ஐந்து..."

"எனக்கு எதுக்குடி கட்டம்? நா என்ன ஜோசியக்காரனா?"

மாதக் கட்டத்தை எடுத்துவிட்டுப் பட்டியலாக மாற்றினேன். கீழ் அம்புக்குறியை அமுக்கினால் அடுத்த பதிவு, மேல் அம்புக்குறியை அமுக்கினால் முந்தையது. இதில் வேறு சிக்கல். எதுவும் எழுதாத நாளைப் பட்டியல் காட்டாது. திங்களுக்கு அடுத்து நேராகப் புதனைப் படிக்கும்.

"செவ்வா எங்க போச்சு?"

"செவ்வாய்ல ஒண்ணும் இல்லம்மா. அதான் சொல்லல."

"ஒண்ணும் இல்லைன்னா ஒண்ணும் இல்லைன்னு சொல்லணுமில்ல? வேல இல்லாத நாளும் நாளுதான். வேலை இல்லைன்னு நா அவளுகளுக்குச் சொன்னாத்தான அவளுக வேற சோலி பாப்பாளுக."

வேலை இல்லாத நாள்களில் "சும்மா" என்று ஒரு பதிவு போடும் வழக்கம் அப்படி வந்தது. அதை நான் யோசித்திருக்கவில்லை.

குரல் மூச்சுவிடாமல் பேசியதால் அதற்கு ராமுத்தாய் என்று பெயர் வைத்தாள். சன்னல் வழியாக இதைக் கேட்ட நிஜ ராமுத்தாய் வாசலில் நின்று கத்தினாள்: "ஏ மதினி, அந்தப் பொட்டிக்கு எம் பேர வெச்சீகளே, அது வந்து ஒங்களுக்குக் கொளம்பு ஊத்துமா?"

"ஊத்தாது. ஆனா நிறுத்துன்னா நிறுத்தும்" என்றாள் அம்மா.

மூன்று வாரத்தில் பழகிவிட்டாள். எட்டாவது வரை படித்தவள். தமிழ் எழுத்துகள் எந்த விசையில் என்று விரலுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அந்த முதல் மாதம் மட்டும், நிறைய இருந்ததால், அவள் சொல்லச் சொல்லப் பதிவுகளை நான்தான் போட்டேன்.

பூப்பாறைப் பக்கம் கூட்டுப்பாறை எஸ்டேட். அங்கே உள்ள சூப்பர்வைசர் மலையாளி. அவரிடம் பேசித் தகவல் கொண்டுவருவது அன்னக்கொடி. தேவாரத்தில் பிறந்து சிலமலையில் வாழ்க்கைப்பட்டவள், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். அவளுக்கு மலையாளம் நன்றாக வரும். இரண்டாயிரத்து இருபத்திரண்டு செப்டம்பர் ஆறாம் தேதி, செவ்வாய், கூட்டுப்பாறைக்குப் போய்விட்டு வந்து அம்மாவிடம் சொன்னாள்: "யக்கா, இன்னியிலருந்து எட்டு நாளைக்கு ஒருக்கா பதினோரு பேர் வேணுமாம்."

அம்மா அதை அப்படியே போனில் எனக்குச் சொன்னாள். நான் கோயம்புத்தூரிலிருந்தே, செவ்வாய்ப் பதிவைத் திறந்து, "மீண்டும் வரும்" என்பதைத் தேர்ந்தெடுத்து, எட்டு நாளுக்கு ஒருமுறை என்று போட்டேன்.

பதின்மூன்றாம் தேதி செவ்வாயன்று நாட்காட்டியில் கூட்டுப்பாறை இல்லை. அம்மா பதினோரு பேரையும் வேறு இடத்துக்கு அனுப்பினாள். அன்னக்கொடி அந்த வாரம் தங்கச்சி பிரசவத்துக்குத் தேவாரம் போயிருந்தாள். பதினான்காம் தேதி, புதன், குரல் கூட்டுப்பாறை என்று படித்தது. ஜீப்பு போனது. எஸ்டேட் கேட்டில் சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டார். "நிங்ஙள் இன்னலெ அல்லே வரேண்டது?" நேற்றல்லவா வர வேண்டும் என்கிறார். முந்தைய நாள் முழுக்க வழி பார்த்துவிட்டு, அன்றைக்கு வேறு ஆள் போட்டுவிட்டார். ஜீப்பு அப்படியே திரும்பியது. பதினோரு பேருக்கும் அன்றைய வேலை போனது.

மறுநாள் சாயங்காலம் எல்லாரும் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள். அன்னக்கொடியும் ஊரிலிருந்து வந்திருந்தாள். நான் அங்கே இல்லை. நடந்ததை ராமுத்தாய் பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ராஜாராம் அம்மாவிடம் கேட்டார்: "என்னக்கா, மறுபடியும் இப்படி ஆகிப்போச்சே?"

அம்மா மடிக்கணினியைத் திறந்து, அம்புக்குறியை அமுக்கி, சத்தத்தைக் கூட்டிவைத்தாள். குரல் எல்லார் முன்னாலும் படித்தது: "புதன், செப்டம்பர் பதினான்கு. கூட்டுப்பாறை பதினோரு பேர்."

"எனக்கு வந்த தகவல அன்னிக்கே எழுதி வெச்சாச்சு. இதுல என்ன இருக்கோ அதத்தான் நாஞ் சொன்னேன்" என்றாள் அம்மா.

எல்லாரும் அன்னக்கொடியைப் பார்த்தார்கள்.

"நா எட்டு நாளுன்னுதான் சொன்னேன்" என்றாள் அவள்.

"எட்டு நாளுன்னா செவ்வாயில்ல?" என்றார் ராஜாராம். "செவ்வாயோட எண்ணு. எட்டாவது செவ்வா. இதுல புதன்னு இருக்கு. அப்ப நீ ஒம்பது நாளுன்னு சொல்லிருக்கே."

"இல்லண்ணே, சத்தியமா எட்டுன்னுதான்..."

"மிஷினுக்கு என்ன ஒம்மேல பகையா?"

யாரோ சிரித்தார்கள். ராமுத்தாயும் சிரித்தாள், அவளே சொல்வாள். "யக்கா, நீங்களாவது சொல்லுங்க. எட்டுன்னுதான சொன்னேன்?" என்று அன்னக்கொடி அம்மாவைக் கேட்டாள். "எழுதுனது மாறுமா ஆத்தா?" என்றாள் அம்மா. அதை அவள் நம்பித்தான் சொன்னாள். அன்றைக்கு அது பொய் இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்மா எனக்குப் போன் செய்தாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். "நீ வெச்சுக்குடுத்த ராமுத்தாய்தாண்டி என்னயக் காப்பாத்துனா. காளீஸ்வரி பேச்ச இனி எடுக்க மாட்டான்."

என்ன நடந்தது என்று முழுதாகக் கேட்டேன். போனை வைத்துவிட்டு, என் கணினியில் அம்மாவின் நாட்காட்டியைத் திறந்தேன். பதிவைப் பார்த்தேன். பத்து நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டேன்.

"அம்மா, எட்டு நாளைக்கு ஒருக்கான்னுதான சொன்னே?"

"ஆமா."

"நான் எட்டுன்னுதான் போட்டிருக்கேன்."

"அப்ப சரிதான?"

"எட்டு நாள் தள்ளிப் போட்டிருக்கேன். ஆறும் எட்டும் பதினாலு. அது புதன்."

"எட்டு நாளுன்னா வாரம்டி."

"வாரத்துக்கு ஏழு நாள்மா."

"இன்னிக்கும் சேத்து எண்ணணும். யாரு இன்னியத் தள்ளிட்டு எண்ணுவா?"

பதினேழு வயதுவரை நானும் அப்படித்தான் எண்ணினேன். எட்டு நாள் என்றால் ஒரு வாரம், பதினைந்து நாள் என்றால் இரண்டு வாரம். கல்லூரியில் பூஜ்யத்திலிருந்து எண்ணக் கற்றுக்கொண்டேன். பழையது மறந்துபோனது.

செவ்வாய், புதன் என்று அம்மா வாய்விட்டு எண்ணுவது போனில் கேட்டது. பிறகு அம்மா சொன்னாள்: "அப்ப அவ சரியாத்தான் சொல்லிருக்கா."

"நான் இந்த ஞாயித்துக்கெழம வந்து எல்லார்கிட்டயும் சொல்லிர்றேன்மா. என் தப்புன்னு."

"சொல்லி? குருடிக்கு மக எங்கிட்டோ உக்காந்து எழுதிக் குடுத்தாளாம், அத நம்பி இவ எங்கள ஏத்தி அனுப்புனாளாம்னு பேசுவாளுக. மறுநாளே காளீஸ்வரி நோட்டத் தூக்கிட்டு வந்துருவா. நீ பேசாம இரு. நேரம் பாத்து நானே சொல்லிக்கிர்றேன்."

நானும் பேசாமல் இருந்தேன்.

அன்றைக்குப் பிறகு என்னை ஒரு பதிவுகூடப் போட விடவில்லை. "மீண்டும் வரும்" என்பதைத் தொடவே மாட்டாள். வாரா வாரம் ஒரே இடத்துக்கு ஒரே ஆள்கள் என்றாலும் ஒவ்வொன்றையும் கையால் அடித்தாள். இரண்டு வாரத்துக்கு மட்டும். இழுத்துவிடுவதும் கிடையாது. ஒவ்வொரு பதிவையும் அடித்த பிறகு, தேதியோடு இரண்டு தடவை குரலைப் படிக்கவிட்டு, கூடவே விரலில் எண்ணுவாள். மூன்று வருஷத்துக்குமேல் ஒரு நாள்கூடத் தப்பவில்லை. மற்ற ஊர் ஜீப்புக்காரர்கள்கூட அவளைக் கூப்பிட்டு விசாரிக்கத் தொடங்கினார்கள்.

அன்னக்கொடிக்கு "ஒம்பதுநாளு" என்று பெயர் விழுந்தது. ஜீப்பு ஏறும் இடத்தில் யாராவது எதையாவது தப்பாகச் சொன்னால், "ஒம்பதுநாளு மாதிரி சொல்லாத" என்பார்கள். அவளுக்கு முன்னாலேயே சொல்வார்கள். தகவல் கொண்டுவரும் வேலையை அவளிடமிருந்து எடுத்து வேறு ஆளிடம் கொடுத்தார்கள். இரண்டு மாதம் வேலைக்கு வந்தாள், பிறகு நின்றுவிட்டாள். தை மாதம் புருஷனையும் கூட்டிக்கொண்டு தேவாரத்துக்கே போய்விட்டாள். இப்போது அங்கே ஒரு தென்னந்தோப்பில் வேலை. அதன்பிறகு மலை ஏறவில்லை. மலையாளம் பேசும் வேலையும் இல்லை.

நான் மாதம் ஒருமுறை ஊருக்குப் போவேன். முதல் வருஷம் இரண்டு மூன்று முறை கேட்டேன். "சொல்லிட்டியாம்மா?" "இன்னும் இல்ல." அப்புறம் கேட்பதை விட்டுவிட்டேன். அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். மறந்தது நல்லது என்றும் நினைத்தேன்.

அடக்கம் முடிந்த மறுநாள், புதன், சாயங்காலம் ராஜாராம் வீட்டுக்கு வந்தார். உட்காராமல் நின்றுகொண்டே கேட்டார்.

"கேக்கவே கூச்சமா இருக்கு பானு. நாளைக்கு எங்கன்னு அக்கா எழுதி வெச்சிருக்காகளா?"

மடிக்கணினியைத் திறந்தேன். திரை தெரியாதபடி வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருந்தாள், மின்சாரம் மிச்சமாகும் என்று. வெளிச்சத்தைக் கூட்டத் தோன்றவில்லை. அம்புக்குறியை அமுக்கினேன். குரல் படித்தது. வியாழனுக்கு ஒரு எஸ்டேட், வெள்ளி சேத்துக்குழி பதினாலு பேர், சனி சும்மா. நவம்பர் இருபத்திரண்டு வரைக்கும் இருந்தது. ராஜாராம் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார்.

"இருந்தவரைக்கும் ஒரு நாள் பிசகலம்மா" என்றார். "அந்த ஒம்பதுநாளு சங்கதியத் தவிர. அதுவும் அக்கா மேல தப்பு இல்ல."

நான் சொன்னேன். "அண்ணே, அன்னக்கொடியக்கா எட்டுன்னுதான் சொல்லிருக்காங்க. நான்தான் தப்பாப் போட்டேன். அம்மாவுக்கும் தெரியும்."

எண்ணிக்கையை விளக்கிச் சொன்னேன். அவருக்கு உடனே புரிந்தது. விரலில் ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.

"சரி விடு" என்றார். "போயிட்டவகளப் பத்தி இத இனிமே எதுக்கு வெளிய பேசிக்கிட்டு? மண்ணு ஈரம்கூடக் காயல."

பதினோரு நாள் நான் அங்கே இருந்தேன். தினமும் சாயங்காலம் பெண்கள் அம்மாவின் போனுக்குத்தான் கூப்பிட்டார்கள். "நாளைக்கு எங்க?" என்று கேட்டுவிட்டு, என் குரலைக் கேட்டதும் சிலர் அழுதார்கள். அம்மா எழுதிவைத்திருந்ததை நான் படித்துச் சொன்னேன். ஜீப்பு சரியான நாளில் சரியான இடத்துக்குப் போனது. காளீஸ்வரி வந்து நோட்டில் எழுதிக்கொண்டாள். நல்ல பெண். இருபத்திரண்டாம் தேதிக்குப் பிறகு என்ன என்று பார்க்கச் சொன்னாள்.

அம்புக்குறியை அமுக்கினேன். குரல் படித்தது: "ஞாயிறு, நவம்பர் இருபத்து மூன்று. தேவாரம் அன்னக்கொடி."

"இது எஸ்டேட்டாக்கா?" என்று காளீஸ்வரி கேட்டாள்.

"இல்ல" என்றேன்.

அவள் போன பிறகு, நாட்காட்டியின் தேடும் பெட்டியில் அன்னக்கொடி என்று அடித்தேன். நாற்பத்தொரு பதிவுகள். எல்லாமே ஞாயிற்றுக்கிழமைகள். முதலாவது இரண்டாயிரத்து இருபத்து மூன்று பிப்ரவரி. நான் ஊரில் இருந்த ஞாயிறு ஒன்றுகூட அதில் இல்லை. மீண்டும் வருமாறு போட்டது எதுவும் இல்லை. நாற்பத்தொன்றையும் ஒவ்வொரு எழுத்தாக அடித்திருக்கிறாள். சிலவற்றில் ஒற்று விட்டுப்போயிருந்தது. நாள் கடந்த பிறகு சிலவற்றைத் திறந்து, கீழே ஒரு வரி சேர்த்திருந்தாள். "மழை. போகல." "பஸ்சு வரல." "கூட வர ஆள் இல்ல." போன வருஷம் சித்திரையில் ஒன்று: "ராசிங்காபுரம் வரைக்கும் போனேன். எறங்கித் திரும்பிட்டேன்." சிலமலையிலிருந்து தேவாரம் போகும் பஸ்ஸில் ராசிங்காபுரம் வழியில்தான் வரும். அங்கிருந்து இன்னும் கொஞ்ச தூரம்தான். கண் தெரியாமல் தனியாக ஏறி, இறங்கி, சாலையைக் கடந்து, மறுபக்கம் பஸ் ஏறி வந்திருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை.

இருபத்து மூன்றாம் தேதி நான் போகவில்லை. அன்று காலை பஸ் பிடித்துக் கோயம்புத்தூர் வந்தேன். விடுப்பு முடிந்துவிட்டது என்பது உண்மை. காலையில் தேவாரம் போய்விட்டு மத்தியானம் கிளம்பியிருக்கலாம் என்பதும் உண்மை.

மடிக்கணினி இப்போது என் மேசையில் இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவின் உள்ளே ஒரு குறிப்பு இருக்கிறது. மற்ற நாற்பதிலும் அது இல்லை. கடைசியானதற்கு மட்டும் எழுதியிருக்கிறாள். குரல் அதை இப்படிப் படிக்கிறது:

"வீட்டுல வெச்சுச் சொல்லக் கூடாது. திங்கக்கெழம காலைல ஆறு மணிக்கு ஜீப்பு ஏறுற எடத்துக்குக் கூட்டிட்டு வரணும். எல்லாரும் இருக்கும்போது சொல்லணும். எட்டுன்னுதான் சொன்னா."